கோடையில் ஆறு வாரம் மத்தியதரைக் கடலோரம் தங்க எப்படித் திட்டமிடுவது?

ஜெர்மனியில் இருக்கிறீர்கள். ஊரிலிருந்து வரும் அம்மாவையும் நான்கு வயதுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஆறு வாரம் கடலோரம் போக வேண்டும், வாரத்துக்கு ஓர் ஊராகச் சுற்றுவதா, ஒரே ஊரில் இருப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஊரில் இருங்கள் என்பதுதான் என் பதில். நாங்களும் இதே மாதிரிக் குடும்பம்தான். இத்தாலியில், சிசிலித் தீவின் வடகரையில் உள்ள செஃபலூ என்ற சின்ன ஊரில் ஜூன் நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை இருந்தோம்.

முதல் வாரம் முழுக்க ஊரைக் கற்றுக்கொள்வதிலேயே போய்விடும். ரொட்டி எங்கே நன்றாக இருக்கும், எந்தத் தெருவில் சாயங்காலம் நிழல் விழும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மருந்துக்கடை திறந்திருக்கும் என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். அதைக் கற்றுக்கொண்ட கையோடு பெட்டி கட்டி அடுத்த ஊருக்குப் போனால், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வயதானவர்களுக்கு அது பெரிய பாரம். இரண்டாவது வாரம் காய்கறிக்காரர் அம்மாவைப் பார்த்ததுமே கத்தரிக்காய்க் கூடையை முன்னால் நகர்த்தி வைத்தார். விடுமுறை எனக்கு அன்றைக்குத்தான் தொடங்கியது.

எந்த ஊர் என்று தேர்ந்தெடுக்க ஒரே ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள்: கடற்கரை, மளிகைக்கடை, மருந்துக்கடை, ரயில் நிலையம் நான்கும் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். படத்தில் மயக்கும் பொசித்தானோ போன்ற ஊர்கள் மலைச்சரிவில் படிக்கட்டுகளாகவே இருக்கின்றன, மூட்டுவலிக்காரர்களால் முடியாது. செஃபலூவில் பழைய ஊரை ஒட்டியே நீளமான மணல் கடற்கரை. கரையோரம் ஆழமில்லை, குழந்தையைத் தைரியமாக இறக்கலாம். சிசிலியின் தலைநகர் பலெர்மோ சுமார் 70 கிலோமீட்டர், ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கார் தேவைப்படவே இல்லை. கார் எடுத்தால் பழைய ஊருக்குள் வெளி வண்டிகளுக்குத் தடை உண்டு, தெரியாமல் நுழைந்தால் அபராதச் சீட்டு பல மாதம் கழித்து வீடு தேடி வரும்.

எந்த மாதம் என்றால், ஜூன் பிற்பாதியும் ஜூலையும் நல்லது. பள்ளிக் கட்டாயம் இல்லாவிட்டால் செப்டம்பர் இன்னும் நல்லது, கடல் கோடை முழுக்கச் சூடேறியிருக்கும். ஆகஸ்ட் 15 ஃபெர்ராகோஸ்தோ, இத்தாலியே கடற்கரையில் இருக்கும் நாள். அதற்கு முன்னும் பின்னும் வாடகை எகிறிவிடும். ஊரிலிருந்து நேராக வருபவர்கள் மே விடுமுறையில் வந்தால், நம் கடலில் குளித்துப் பழகிய உடம்புக்கு அந்தத் தண்ணீர் குளிரும்.

விசாவில் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் ஜெர்மன் வசிப்பு அட்டையை வைத்துக்கொண்டு நீங்கள் இத்தாலிக்குத் தாராளமாகப் போகலாம். அம்மாவுக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும், அதை அவர் அதிக நாள் தங்கப்போகும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் நான்கு வாரம், இத்தாலியில் ஆறு வாரம் என்றால் விண்ணப்பம் இத்தாலிக்கு. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் அந்த நாடுகளில் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு ஈடு தரும் பயணக் காப்பீடும் கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி மாதம் வரை இழுக்காதீர்கள்.

இப்போது வீடு. திட்டமிடலில் பாதி உழைப்பை இதற்கே கொடுங்கள். நாங்கள் போய் இறங்கிய சாயங்காலம் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, துணி துவைக்கும் இயந்திரத்தைப் போட்டோம், சாதத்துக்கு மின்னடுப்பையும் வைத்தோம். வீடே இருண்டுவிட்டது. இத்தாலியில் பெரும்பாலான வீடுகளுக்கு 3 கிலோவாட் இணைப்புதான், அதைத் தாண்டினால் மீட்டர் தானாக அணைத்துவிடும். எங்கள் மீட்டர் மூன்று மாடி கீழே, பூட்டிய அறைக்குள் இருந்தது. வீட்டுக்காரர் சாவியோடு வரும்வரை இருட்டில் பயந்து அழுத குழந்தையைச் சமாதானப்படுத்தினோம். அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: எத்தனை கிலோவாட், மீட்டர் எங்கே, எத்தனை மாடி, லிஃப்ட் உண்டா, அடுப்பு கேஸா இண்டக்‌ஷனா. இண்டக்‌ஷன் என்றால் அலுமினிய குக்கர் வேலை செய்யாது, அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டும் குக்கரைக் கொண்டு போங்கள். 2024இல் சிசிலியில் கடும் வறட்சி, அரசு நெருக்கடி நிலையே அறிவித்தது. ஆகவே மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். 2025 ஜனவரி முதல் குறுகிய கால வாடகை வீடு ஒவ்வொன்றுக்கும் சின் (CIN) எனப்படும் தேசிய அடையாள எண் கட்டாயம். விளம்பரத்தில் அந்த எண் இல்லாத வீட்டைத் தொடவே வேண்டாம்.

அப்புறம், ஊரின் நேரத்துக்கு நீங்கள் மாறிக்கொள்ள வேண்டும். மதியம் ஒரு மணிக்குக் கடைகள் பல அடைத்துவிட்டு, நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும். காலை ஏழு மணிக்குக் கடல், பத்து மணிக்குள் வீடு, சாப்பாடு, தூக்கம், ஆறு மணிக்கு மறுபடி கடற்கரை என்று வைத்துக்கொண்டோம். சஹாராவிலிருந்து ஷிரோக்கோ என்ற அனல்காற்று அடிக்கும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் திண்டாட வேண்டியதில்லை. புளிப்பும் இனிப்புமான கத்தரிக்காய் கப்போனாதா, கடலைமாவில் பொரிக்கும் பனெல்லே இரண்டும் அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போயின.

ஊருக்குள் பார்க்க நிறைய இருக்கிறது, அவசரப்படாதீர்கள். இரண்டாம் ரோஜர் மன்னர் 1131இல் தொடங்கிய பேராலயத்தில் தங்கப் பின்னணியில் கிறிஸ்துவின் மொசைக் உருவம் ஒன்று உண்டு. நான் நான்கு முறை போனேன், நான்கு முறையும் வெளியே வர மனம் வரவில்லை. அம்மாவுக்குப் பிடித்தது அந்தக் காலத்துச் சலவைத்துறை. தெருவிலிருந்து சில படி இறங்கினால் சிங்கத் தலைகளின் வாயிலிருந்து தண்ணீர் விழுந்து, கல் தொட்டிகள் வழியாகக் கடலுக்கு ஓடும். ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி துவைத்த இடம் அது. வெயில் நேரத்தில் அங்கே குளுகுளுவென்று இருக்கும், அம்மா கல்லில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பலெர்மோவுக்கு ஒதுக்குங்கள். அங்கே இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். ஊருக்கு மேலே மோன்டே பெல்லெக்ரினோ மலைக் குகையில் சாந்தா ரொசாலியாவின் கோயில். 1624இல் வந்த கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவர் என்று பலெர்மோ மக்கள் நம்பும் புனிதர் அவர். தமிழர்கள், சைவர்களும் சேர்த்துத்தான், ஞாயிறுகளில் அங்கே மலையேறிப் போகிறார்கள். குகைக் கூரையிலிருந்து சொட்டும் நீரைத் தகரக் கால்வாய்கள் ஏந்திக்கொண்டு போகும். அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, "அம்மா, நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார். மூன்று வாரம் எங்களைத் தவிர யாரிடமும் தமிழ் பேசாதிருந்த அம்மா, கீழே இறங்கும் பேருந்து வரும்வரை அவர் கையை விடவில்லை. அதற்குப் பிறகு எங்கள் எல்லா ஞாயிறும் பலெர்மோவில்தான் கழிந்தன, கறிவேப்பிலையும் அங்கிருந்தே வந்தது.