பிஞ்சு கருகுதுண்ணே, மருந்து அடிக்கவா?

"அண்ணே வணக்கம். பெரும்பாறைக்குக் கீழ எங்களுக்கு ரெண்டு ஏக்கர். தென்னை, மிளகு, கொஞ்சம் காப்பி, நடுவுல 140 கொக்கோ மரம், ஏழு வயசாச்சு. இந்த வருஷம் பூ கொட்டிக் கிடந்துச்சு, ஆனா கட்டைவிரல் சைசு வந்ததும் பிஞ்செல்லாம் மஞ்சளாகி கருத்து மரத்துலயே ஒட்டிகிட்டு நிக்குது, விழவும் மாட்டேங்குது. இத்தனைக்கும் தோட்டத்த வீட்டு வாசல் மாதிரி கூட்டிப் பெருக்கித்தான் வச்சிருக்கேன். மருந்துக்கடையில பூச்சி மருந்து ஒண்ணு, பூசண மருந்து ஒண்ணு, டானிக் ஒண்ணு, மூணையும் கலந்து பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா அடிக்கணும்னு சொல்லி 2,600 ரூபா பில்லு போட்டுட்டாங்க. இன்னும் பிரிக்கல. அடிக்கவா? கொட்டைய ஈரமாவே குடுத்துடுறோம், வீட்டுக்காரர்தான் வியாபாரிகிட்ட பேசுவாரு, என்ன வெலைன்னு எனக்கு சரியா தெரியாது. தாண்டிக்குடியில இருக்கற நாத்தனாரும் கொக்கோ வைக்கலாமான்னு கேக்குறாங்க."

தங்கச்சி, அடிக்காதீங்க. பிரிக்கலன்னு எழுதியிருக்கீங்கல்ல, நாளைக்கே பில்லோட போய் திருப்பிக் குடுங்க, வாங்க மாட்டேன்னா அங்கயே நின்னு நாலு பேர் காதுல விழற மாதிரி கேளுங்க. மூணு பாட்டில ஒரே டேங்க்ல கலக்கச் சொல்றவன் உங்க மரத்துக்கு என்னன்னு கண்டுபிடிக்கலன்னு அர்த்தம், ஏதாவது ஒண்ணு புடிச்சுக்கட்டும்னு மூணையும் வித்துட்டான், அவ்வளவுதான். நான் பாத்தவரைக்கும் அந்த டானிக் பாட்டிலால பூ நின்ன மரம் ஒண்ணுகூட கிடையாது.

நீங்க சொல்றது வியாதி இல்ல. கொக்கோ மரம் தாங்கற அளவுக்குத்தான் காய்ங்கள வச்சுக்கும், மிச்சப் பிஞ்ச அதுவே கருக விட்டுடும். பத்து பிஞ்சு புடிச்சா ஏழு வரைக்கும் இப்படிப் போறது சாதாரணம். மொதல்ல மஞ்சள், அப்புறம் கருப்பு, விழாம ஒட்டிகிட்டு மம்மி மாதிரி நிக்கும், நீங்க எழுதுனது அச்சு அசலா அதேதான். நெசமான கருங்காய் அழுகல்னா மழை நேரத்துல, பெரிய காய்லயும், ஒரு காப்பிக் கலர் புள்ளி எங்கியாவது ஆரம்பிச்சு நாளுக்கு நாள் விரிஞ்சு காய் பூராவும் மூடும், மேல வெள்ளையா மாவு பூத்த மாதிரி வரும். அப்படி ஒரு காய் கண்ணுல பட்டா அன்னிக்கே பறிச்சு புதைக்கணும், தோட்டத்துலயே போட்டு வைக்கக் கூடாது. ஐப்பசி மழைக்கு முன்னாடி போர்டோ கலவை, அதான் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைச்சது, ஒரு சதம் அடிக்கலாம், அத எப்படி கரைக்கறதுன்னு காப்பி வச்சிருக்கற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. காய் மேல வட்ட வட்டமா கருப்பு அம்மைத் தழும்பு மாதிரி இருந்தா அது தேயிலைக் கொசுங்கற சாறு உறிஞ்சற பூச்சி, அது வேற கதை, இருந்தா எழுதுங்க.

பிஞ்சு அளவுக்கு மீறி காயறதுக்கு பெரும்பாலும் தண்ணியும் சாம்பல் சத்தும்தான் (பொட்டாஷ்) காரணம், மாசி பங்குனில தண்ணி விட்டீங்களான்னு நீங்க எழுதல. மரத்துக்கு வருஷத்துக்கு தழைச்சத்து 100 கிராம், மணிச்சத்து 40, சாம்பல் சத்து 140, இத ரெண்டாப் பிரிச்சு வைக்கணும்னு சிபாரிசு, நம்மாளுங்க யூரியாவ மட்டும் அள்ளிப் போட்டுட்டு பொட்டாஷ மறந்துடுறாங்க. தண்டுல நேரா மேல கெளம்பற நீர்ப்போத்த மாசத்துக்கு ஒருக்கா கையால ஒடிச்சு விடுங்க, உள்ள வெளிச்சம் புள்ளி புள்ளியா விழணும். காய திருகி இழுக்காதீங்க, கத்தியால காம்ப வெட்டுங்க, அந்த எடத்துலதான் அடுத்த வருஷப் பூ உக்காரும்.

சரி, உங்க கடுதாசில என்ன தூக்கிவாரிப் போட்டது வேற ஒரு வரி. வீட்டு வாசல் மாதிரி பெருக்கி வச்சிருக்கேன்னு பெருமையா எழுதியிருக்கீங்க பாருங்க, அது. கொக்கோ பூவுக்கு தேனீ வராதும்மா. கடுகு சைசுல ஒரு பொடி ஈ இருக்கு, அதுதான் அந்தப் பூவுக்குள்ள நுழைஞ்சு மகரந்தம் சேக்கும், அது முட்டை வைக்கறது அழுகற எலையில, ஈரமான சருகுல, வாழைத்தண்டு கெடந்து மக்குற எடத்துல. நீங்க சருகக் கூட்டி தீ வச்சீங்கன்னா அந்த ஈயோட பிரசவ ஆஸ்பத்திரிக்கே தீ வச்ச மாதிரி. அது மேல அந்தப் பூச்சி மருந்தையும் அடிச்சிருந்தா முடிஞ்சது, அப்புறம் பூ இருக்கும், புடிக்க ஆள் இருக்காது, மறுபடி கடைக்குப் போய் டானிக் வாங்குவீங்க! நூறு பூவுல அஞ்சு காயானாலே பெருசு, அதுக்கும் இந்த ஈ வேணும். அதனால வெளக்கமாத்த மூலையில சாத்திட்டு, சருகு கால் புதையற அளவுக்குக் கெடக்கட்டும். வாழைத்தார் வெட்டுனா தண்ட துண்டாக்கி மரத்துக்கு மரம் நெழல்ல போடுங்க. நாலாம் நாள் ஒரு துண்ட பொரட்டிப் பாருங்க, அடியில வழவழன்னு ஈரமா என்னமோ நெளியும்.

இப்ப நீங்க கேக்காத கேள்விக்கு வர்றேன். ஏன் ஈரமா விக்கிறீங்க?

மூணு கிலோ ஈரக் கொட்டை காஞ்சா ஏறக்குறைய ஒரு கிலோ. வியாபாரி குடுக்கற ஈர வெலைய மூணால பெருக்குங்க, அன்னிக்கு காஞ்ச கொட்டை வெலை என்னன்னு போன்ல விசாரிங்க, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பணம் யாரோடதுன்னு உக்காந்து யோசிங்க. கொக்கோவுக்கு ருசி மரத்துல மட்டும் வர்றதில்ல, புளிக்க வைக்கறதுலதான் வெளிய வருது. புளிக்காத கொட்டைய வறுத்தா சாக்லேட் வாசனையே வராது, கசப்பும் துவர்ப்பும்தான். புளிக்க வைக்கற அந்த ஆறு நாள் வேலையத்தான் நீங்க வாசல்லயே தானம் பண்றீங்க.

கொஞ்சமாத்தானே வருதுன்னு சொல்வீங்க. வாஸ்தவம்தான், பத்து கிலோவ தனியா வச்சா சூடே ஏறாது, நூறு கிலோவாவது ஒண்ணா சேந்தாத்தான் நல்லா வரும். ஆனா பறிச்ச காய உடைக்காம நாலஞ்சு நாள் வச்சுக்கலாம், ஒண்ணும் ஆகாது, இன்னும் நல்லாவே புளிக்கும். உங்க சுய உதவிக் குழுவுல கொக்கோ வச்சிருக்கற நாலஞ்சு வீடு இருந்தா, எல்லாரும் ஒரே நாள்ல ஒரே எடத்துல உடைங்க. அருவா வேண்டாம், கட்டைச் சுத்தியலால தட்டுங்க, அருவா பட்டா கொட்டையும் அறுந்துடும். நடு நரம்ப எடுத்துடுங்க, அழுகல் காயும் மொளை விட்டதும் சேரக் கூடாது. அடியில ஓட்டை போட்ட பலகைப் பெட்டி, கொட்டை படற எடத்துல இரும்பு ஆணி வேண்டாம், வாழை எலை விரிச்சு நெரப்பி மேலயும் எலை போட்டு சாக்கு மூடுங்க. மூணாம் நாள் ஒருக்கா, அஞ்சாம் நாள் ஒருக்கா கெளறி விடணும். மொத நாள் கள்ளு வாடை அடிக்கும், அப்புறம் வினிகர் மாதிரி மூக்குல ஏறும், கைய உள்ள விட்டா வச்சிருக்க முடியாத சூடு. அந்தச் சூடு வரலன்னா கொட்டை பத்தலன்னு அர்த்தம். பெட்டிக்கே காசில்லையா, ஆப்பிரிக்காவுல கானா நாட்டுல வாழை எலைய தரையில விரிச்சு குவிச்சு மூடி வச்சே புளிக்க வைக்கறாங்க, அந்தக் கொட்டைக்குத்தான் உலகத்துல நல்ல பேரு.

காய வைக்கறதுதான் நம்ம மலையில தொல்லை. ஐப்பசி கார்த்திகைல மத்தியானம் மூணு மணிக்கே மூட்டம் எறங்கிடும். ஆரம்பத்துல நானும் அடுப்புப் பரண்ல போட்டுக் காய வச்சேன், நல்லா காஞ்சுச்சு, கொட்டைய மோந்து பாத்த ஆளு மூட்டைய அப்படியே திருப்பி அனுப்பிட்டாரு, பூரா புகை நாத்தம். ஒரு தடவ புகை ஏறிட்டா எறங்கவே எறங்காது. கீழ அய்யம்பாளையம், சித்தரேவு பக்கம் சொந்தக்காரங்க களம் இருந்தா அங்க கொண்டு போங்க, இல்லாட்டி பாலித்தீன் கூடாரம் ஒண்ணு குழுவுல சேந்து போடுங்க. கையில அள்ளி அமுக்குனா சரசரன்னு சத்தம் கேக்கணும், ஈரம் ஏழு சதத்துக்கு மேல இருந்தா மூட்டையில பூஞ்சை புடிக்கும்.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடுறேன், காஞ்ச கொட்டைக்கு தரம் பாத்து வெலை குடுக்கற ஆள புடிக்காம பெட்டி செய்யாதீங்க. எல்லாத்தையும் ஒரே சாக்குல கொட்டிக் கலக்கற வியாபாரிக்கு நீங்க புளிக்க வச்சாலும் ஒண்ணுதான், வைக்காட்டியும் ஒண்ணுதான். கொடைக்கானல்ல ஹோம் மேட் சாக்லேட் போர்டு பாத்து ஏமாந்துடாதீங்க, முக்கால்வாசி கட்டிச் சாக்லேட்ட வாங்கி உருக்கி அச்சுல ஊத்துறதுதான், உங்க கொட்டைக்கு அங்க வேலையில்ல. கொட்டைலருந்தே சாக்லேட் பண்றவங்க தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும் இருக்காங்க, அவங்களுக்கு அரை கிலோ சாம்பிள் அனுப்புங்க.

வெலைய நம்பி மத்த மரத்த வெட்டிடாதீங்க, அதுவும் சொல்லணும். 2024 டிசம்பர்ல உலகச் சந்தையில டன் 12,000 டாலரத் தாண்டுச்சு, 2025 முடியறதுக்குள்ள பாதிக்கும் கீழ எறங்கிடுச்சு. எண்பதுகள் ஆரம்பத்துல வெலை சரிஞ்சப்ப கேரளாவுல வச்ச மரத்தையே வெட்டிப் போட்டாங்க. மிளகும் தென்னையும் அப்படியே நிக்கட்டும்.

வெலை சரியா தெரியாதுன்னு எழுதுனீங்க. காய் உடைக்கறது நீங்க, கொட்டை பிரிக்கறது நீங்க, கெளறப் போறதும் நீங்கதான், வெலை மட்டும் உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்காரர குத்தம் சொல்லல, ஊர் வழக்கம் அப்படி. பட்டா அவர் பேர்லயோ மாமனார் பேர்லயோதான் இருக்கும், அதனால மானியமும் பயிற்சிக் கடுதாசியும் அவருக்கே போகும். கூட்டுப் பட்டா பத்தி வி.ஏ.ஓ.கிட்ட ஒரு தடவ கேட்டு வைங்க, அது நடக்கறப்ப நடக்கட்டும். அதுக்கு முன்னாடி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, உடைச்ச நாள், ஈர எடை, காஞ்ச எடை, வந்த பணம், இத உங்க கையால எழுதுங்க. பெட்டி குழுவோடதுன்னா பணமும் குழு கணக்குல ஏறட்டும், அங்கருந்து அவங்கவங்க எடைக்குப் பிரிச்சுக்கலாம்.

நாத்தனாருக்கு வேண்டாம்னு சொல்லிடுங்க. 4,000 அடிக்கு மேல மார்கழிக் குளிர் கொக்கோவுக்கு ஆகாது, அவங்க காப்பியையும் பட்டர் ஃப்ரூட்டையும் பாக்கட்டும். சந்தேகம்னா தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பக்கத்துலதான இருக்கு, நேரா போய்க் கேட்டா சொல்லுவாங்க.

மொதப் பெட்டி காஞ்சதும் பத்து கொட்டைய நீளவாக்குல ரெண்டா வெட்டி, வெள்ளைத் தாள் மேல வச்சு போட்டோ அனுப்புங்க. உள்ள காப்பிக் கலரா, மடிப்பு மடிப்பா பிளந்து இருந்தா வெற்றி. ஊதாவா இருந்தா இன்னும் ஒரு நாள் விட்டிருக்கணும். சிலேட்டு மாதிரி சாம்பலா வழவழன்னு இருந்தா புளிக்கவே இல்ல, அப்ப எத்தன கிலோ போட்டீங்கன்னு நோட்டப் பாத்து எழுதுங்க.