தோட்டத்துத் தேக்கு ஊஞ்சலில் பாசி: ஆசிட் வேண்டவே வேண்டாம்

கேள்வி: நாகர்கோவிலில் இருக்கிறோம். தோட்டத்தில் கிடக்கும் தேக்கு ஊஞ்சல் பலகை இந்த மழைக்குப் பச்சையாகப் பாசி பிடித்துவிட்டது. அங்கங்கே கரும்புள்ளிகளும் உண்டு. ஆசிட் ஊற்றிக் கழுவி வார்னிஷ் அடித்தால் சரியாகும் என்கிறார் பெயிண்டர். வீட்டுப் பொருட்களை வைத்தே சுத்தம் செய்ய முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். முதலில் அந்தப் பெயிண்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆசிட் பட்ட மரம் அன்றைக்குப் பளிச்சென்று தெரியும். ஆனால் மேல்நார் அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாகும், சங்கிலியும் துருப்பிடிக்கும். அடுத்த மழைக்கு அந்தச் சொரசொரப்பில்தான் பாசி இன்னும் நன்றாக ஒட்டும்; அவருக்கு மறுபடியும் வேலை, உங்களுக்கு மறுபடியும் செலவு. சில்லறை ஆசிட் விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013-லேயே கட்டுப்பாடு விதித்தது. இன்றும் லேபிள் இல்லாத பாட்டிலில் தெருவில் விற்கிறார்கள், கேட்க ஆளில்லை.

வெயில் ஏறுவதற்கு முன் வேலையை ஆரம்பியுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு ஸ்பூன் கலந்து, தேங்காய் நாரால் மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தேயுங்கள். கம்பி நார் கூடாது; அதன் துகள் மரத்தில் சிக்கினால் கறுப்பாகக் கறை விழும். அலசிய பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்து, அரை மணி நேரம் ஊறவிட்டு மறுபடி அலசுங்கள். பச்சைப் பாசி இதிலேயே போய்விடும்.

வினிகரில் ஆப்ப சோடாவைப் போட்டு நுரை பொங்கக் காட்டும் வீடியோக்களை நம்பாதீர்கள். ஒன்றை ஒன்று முறித்துவிடும், மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர்தான். பிளீச்சிங் பவுடரை வினிகர் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

கரும்புள்ளிக்கு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். '20 வால்யூம்' (சுமார் 6 சதவீதச் செறிவு) என்று போட்டிருந்தால் சம அளவு தண்ணீர் சேர்த்து, கையுறை போட்டுக்கொண்டு தடவுங்கள். வினிகரை நன்றாக அலசி, மறுநாள்தான் இதைச் செய்ய வேண்டும். இரண்டையும் சேர்க்கக் கூடாது.

ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆணி, போல்ட்டு, கொக்கி இவற்றைச் சுற்றி நீலம் கலந்த கறுப்பு இருந்தால் அது பூஞ்சையே அல்ல. மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து உண்டான மைக்கறை. பெராக்சைடை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: பூஞ்சையானால் மங்கும், இரும்புக் கறையானால் அப்படியே நிற்கும். அதைப் பூஞ்சை என்று சொல்லி 'ஃபங்கஸ் மருந்து' தலையில் கட்டுகிறவர்கள் நிறைய. எலுமிச்சைச் சாறு தடவி ஊறவிட்டுக் கழுவினால் ஓரளவு வெளுக்கும். இரும்பு ஆணியைக் கழற்றிப் பித்தளை ஸ்க்ரூ போட்டால்தான் கறை திரும்ப வராது.

ஈரம் முழுக்க வற்றும்வரை, ஒரு வாரமாவது, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். அதற்கு முன் வார்னிஷ் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு அடியில் பூஞ்சை வளரும். ஆளிவிதை எண்ணெய் பூசச் சொன்னாலும் வேண்டாம்; பூஞ்சைக்கு அது தீனி.