போதையிலிருந்து மீள்பவருக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் போதைப்பொருள் எடுக்காமல் இருப்பவர்களுக்கு அரசே பணம் தருகிறது என்று படித்தேன். ஒழுங்காக வாழ்பவனுக்கு ஒன்றுமில்லை, தடம் புரண்டவனுக்குப் பரிசா? அந்தப் பணத்தில் மறுபடியும் போதைப்பொருளைத்தானே வாங்குவார்கள்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அம்மாநிலம் 2023 முதல் இச்சிகிச்சையை அளித்து வருகிறது. ஆனால் கையில் ரொக்கம் தருவதில்லை. மெத்தாம்ஃபெட்டமைன், கோகைன் போன்றவற்றுக்கு அடிமையானவர் முதல் 12 வாரங்களுக்கு வாரம் இருமுறை மையத்துக்கு வந்து சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். போதைப்பொருள் இல்லை என்று தெரிந்தால் 10 டாலர் மதிப்புள்ள பரிசு அட்டை உடனே கிடைக்கும். தொடர்ந்து விலகியிருந்தால் அத்தொகை படிப்படியாகக் கூடும்; ஒருமுறை தவறினால் அன்றைக்குப் பரிசு இல்லை, அடுத்த பரிசும் 10 டாலருக்கே இறங்கிவிடும். மொத்தம் 24 வாரம் நடக்கும் இச்சிகிச்சையைத் தவறாமல் முடித்தவருக்கு 599 டாலர் சேரும். அந்த அட்டையைக் கொண்டு மது, புகையிலை, கஞ்சா, லாட்டரிச் சீட்டு எதையும் வாங்க முடியாது.

ஹெராயின் போன்றவற்றுக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்று மருந்துகள் உண்டு. கோகைனுக்கும் மெத்தாம்ஃபெட்டமைனுக்கும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை. அவை மூளைக்குத் தரும் இன்பம் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. விட்டதன் பலனோ, அது திரும்பக் கிடைக்கும் வேலையானாலும் குடும்பத்தின் நம்பிக்கையானாலும், வந்துசேர மாதங்கள் ஆகின்றன. அந்த இடைவெளியில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். சிறியதே ஆனாலும் உடனடியாகவும் உறுதியாகவும் கிடைக்கும் பலன் ஒன்றை அந்த இடைவெளியில் வைப்பதே இச்சிகிச்சை. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசனையோடு, பொருளாக மாற்றிக்கொள்ளக்கூடிய பரிசுச்சீட்டும் பெற்றவர்களில் 75 விழுக்காட்டினர் 24 வாரச் சிகிச்சையை முடித்தனர்; ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 40 விழுக்காட்டினரே முடித்தனர். செலவைக் குறைக்க கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் நான்சி பெட்ரி மற்றொரு வழி கண்டார். பரிசோதனையில் தேறியவர் ஒரு கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து துண்டுச்சீட்டு எடுப்பார். பாதிச் சீட்டுகளில் பாராட்டு வாசகம் மட்டுமே இருக்கும். மற்றவற்றில் பெரும்பாலும் ஒரு டாலர் பெறுமான சிறு பொருள், சிலவற்றில் 20 டாலர் பெறுமானம், ஒரே ஒரு சீட்டில் 100 டாலர் பரிசு. 2011 முதல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இம்முறை பரவலாகக் கையாளப்படுகிறது.

பரிசு நின்றபின் பலன் தேய்வதும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. எனினும் சிகிச்சைக் காலத்தில் தொடர்ந்து நீண்ட நாள் விலகியிருந்தவரே பின்னரும் விலகியிருக்க அதிக வாய்ப்புள்ளவர். நான் வருந்துவது வேறொன்றுக்காக. போதைச் சிகிச்சைக்கென்று கூட்டாட்சி அரசு தரும் மானியத்தில் நடந்த திட்டங்களில் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 75 டாலர்தான் என்ற வரம்பு பல ஆண்டுகள் நீடித்து, 2025இல்தான் 750 ஆக உயர்ந்தது. பலன் தந்த தொகையில் சிறு பங்கை மட்டும் கொடுத்துவிட்டுச் சிகிச்சை பலிக்கவில்லை என்பது, அரை மாத்திரை கொடுத்துவிட்டு மருந்தைக் குறை சொல்வதைப் போன்றது. நீரிழிவுக்காரருக்கு அரசுச் செலவில் இன்சுலின் கொடுக்கும்போது, நோயில்லாதவருக்கு என்ன கொடுத்தாய் என்று நாம் கேட்பதில்லை. இங்கும் அப்படிக் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: என் மகன் தினமும் குடிக்கிறான். குடிக்காத நாளுக்கு 200 ரூபாய் என்று நானே கொடுத்துப் பார்க்கலாமா?
– ஒரு தாய், மதுரை

பதில்: வேண்டாம், அம்மா. மூச்சுப் பரிசோதனை சில மணி நேரத்துக்கு முன் குடித்ததைத்தான் காட்டும். நம்பகமான சோதனை இல்லாவிட்டால் தினமும் நீங்களே துப்பறிய வேண்டியிருக்கும், அது வீட்டில் சண்டையில்தான் முடியும். அதைவிட முக்கியமானது, தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மகனை அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில், அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸில், தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். சிகிச்சை தொடங்கியபின், அவர் குடிக்காமல் வரும் மாலையில் பிடித்ததைச் சமைத்துக் கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள், சந்தோஷத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். குடித்துவிட்டு வரும் இரவில் வாதாடாமல் ஒதுங்கியிருங்கள், பேச்சை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.