வாசகர் கேள்விகள்: புகார் கொடுக்க முடியாத பெண்

வன்கொடுமை வழக்குகள் பற்றிச் சென்ற இதழில் எழுதிய பதிலின் நடுவே, வயது வந்தவர்கள் தம் முடிவின்படி ஈடுபடும் பாலியல் தொழிலைக் குற்றமாகக் கருதும் சட்டங்கள் நீக்கப்பட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. மறுத்து எழுதியவர்களே அதிகம் என்பதால் அவர்களுக்கே முதலில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஒரு செயலைக் குற்றமல்ல என்று அறிவித்தால், அதை அரசே சரி என்று சொன்னதாகாதா? பெண்ணுடல் விலைபேசப்படுவதற்குச் சட்டம் துணைபோகலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: ஆகாது, ஐயா. வாக்குத் தவறுவதையும் நன்றி மறப்பதையும் நாம் இழிவென்றே கருதுகிறோம். அவற்றுக்காக யாரையும் சிறையில் அடைப்பதில்லை. ஒன்று ஏற்கத்தக்கதா என்பது ஒரு கேள்வி, அதற்குத் தண்டனை கொடுத்தால் யாருக்கு நன்மை என்பது வேறொரு கேள்வி. தாங்கள் முதற்கேள்விக்குத் தரும் விடையோடு நான் பெரிதும் முரண்படவில்லை. இரண்டாவதைத்தான் எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

வாடிக்கையாளன் ஒருவன் ஒரு பெண்ணை அடித்து, அவளிடமிருந்த பணத்தையும் பறித்துக்கொண்டு போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவள் காவல் நிலையத்துக்குப் போனால், அவன் செய்த குற்றத்தைச் சொல்வதற்கு முன்பே தன் குற்றத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். அவள் போகமாட்டாள் என்பது அடித்தவனுக்கும் தெரியும், அவளிடம் மாமூல் வாங்குபவருக்கும் தெரியும். அந்த நிச்சயமே அவர்கள் கையில் உள்ள ஆயுதம். அதை அவர்களுக்குக் கொடுத்தது சட்டம்.

இப்படிப்பட்ட சட்டங்கள் நடைமுறையில் எங்கெல்லாம் போய் நிற்கின்றன என்பதையும் பாருங்கள். இங்கிலாந்தில் தனியாகத் தொழில் செய்வது குற்றமல்ல; ஆனால் பாதுகாப்புக்காக இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் இருந்து தொழில் செய்தால் அந்த வீடு சட்டத்தின் பார்வையில் விபச்சார விடுதி ஆகிவிடும். இந்தியாவின் 1956ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் செய்பவரின் வருமானத்தில் வாழும் 18 வயதுக்கு மேற்பட்ட எவரையும் தண்டிக்க இடமளிக்கிறது; தரகரைக் குறிவைத்து எழுதப்பட்ட அந்தப் பிரிவு, மகள் அனுப்பும் பணத்தில் வாழும் வயதான தாயையும், அவள் படிக்கவைக்கும் கல்லூரி மாணவனையும் தன் வலைக்குள் இழுத்துக்கொள்கிறது. நியூயார்க், வாஷிங்டன் உள்ளிட்ட நான்கு அமெரிக்க நகரங்களில் பெண்களின் கைப்பையில் இருந்த ஆணுறைகளையே காவல்துறையினர் தொழிலுக்குச் சான்றாகக் கொண்டதை 2012இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் ஆவணப்படுத்தியது. ஆணுறை வைத்திருந்தால் கைது என்றால், அவர்கள் எதைக் கைவிடுவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: குற்றநீக்கம், சட்டபூர்வமாக்கல் என்று இரண்டையும் பிரித்துப் பேசுகிறார்களே, வேறுபாடு என்ன? (ஒரு வாசகி)

பதில்: பெரிய வேறுபாடு உண்டு. சட்டபூர்வமாக்கல் என்றால் உரிமம், பதிவு, ஒதுக்கப்பட்ட பகுதி, கட்டாயப் பரிசோதனை என்று இந்தத் தொழிலுக்கென்றே தனி விதிகளை அரசு வகுப்பது. அந்த விதிகளுக்குள் வர முடியாதவர்கள் முன்போலவே குற்றவாளிகளாக இருப்பார்கள். ஜெர்மனி 2002இல் தொழிலைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, 2017இல் ஒவ்வொருவரும் தம்மைப் பதிவுசெய்ய வேண்டும் என்றது. அரசுக் கோப்பில் பெயர் ஏறினால் குடும்பத்துக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சிப் பலர் பதிவுக்கே வரவில்லை. கட்டாயப் பரிசோதனையின் வரலாறு இன்னும் கசப்பானது. பிரிட்டனில் பால்வினை நோய்களைத் தடுக்கவென்று 1864இல் தொடங்கிய தொற்றுநோய்ச் சட்டங்கள், படைமுகாம் நகரங்களில் சந்தேகத்துக்கு உள்ளான பெண்களைப் பிடித்துவந்து உடற்பரிசோதனை செய்ய அதிகாரம் கொடுத்தன. அவர்களிடம் வந்துபோன ஆண்களுக்கு அத்தகைய பரிசோதனை எதுவும் விதிக்கப்படவில்லை. ஜோசபின் பட்லர் என்ற பெண்மணி முன்னின்று நடத்திய நெடிய போராட்டத்துக்குப் பிறகே, 1886இல் அவை நீக்கப்பட்டன.

குற்றநீக்கம் என்பது, தொழில் செய்பவர் மீதும் வாடிக்கையாளர் மீதும் உள்ள தண்டனைகளை நீக்கிவிட்டு, பிற வேலைகளுக்கு உள்ள தொழிலாளர் சட்டத்தையும் குற்றவியல் சட்டத்தையும் இதற்கும் பொருத்துவது. நியூசிலாந்து 2003இல் 60க்கு 59 என்ற வாக்குகளில் இதை நிறைவேற்றியது. அங்கே நான்கு பேர் வரை, அவரவர் வருமானம் அவரவர் கையில் இருக்கும்வரை, சேர்ந்து தொழில் செய்ய உரிமம் தேவையில்லை. பெரிய விடுதி நடத்துபவர் மட்டுமே சான்றிதழ் பெற வேண்டும். கட்டாயப்படுத்தித் தொழிலில் தள்ளுபவருக்கு 14 ஆண்டு வரை சிறை. 18 வயதுக்குட்பட்டவரை ஈடுபடுத்துவது முன்போலவே குற்றம்.

கேள்வி: பெண்ணை விட்டுவிட்டு வாங்குபவனை மட்டும் தண்டிக்கலாமே? ஸ்வீடன் அப்படித்தானே செய்கிறது? (சட்டக் கல்லூரி மாணவி)

பதில்: எனக்கு வந்த கடிதங்களில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது உங்களுடையதுதான். நானும் பல ஆண்டுகள் இதுவே நியாயமான வழி என்று நம்பியிருந்தேன். ஸ்வீடன் 1999இல் தொடங்கிய இந்த முறையை நார்வேயும் ஐஸ்லாந்தும் 2009இல் ஏற்றன. பிரான்ஸ் 2016இலும் அயர்லாந்து 2017இலும் பின்தொடர்ந்தன. பெண்ணைக் குற்றவாளியாக்கக் கூடாது என்ற நல்லெண்ணம் இதன் அடியில் இருப்பதை நான் மறுக்கவில்லை.

ஆயினும் அது தெருவில் எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள். பிடிபட்டுவிடுவோம் என்ற அச்சம் உள்ளவன் அவசரப்படுவான், பெயரையும் எண்ணையும் மறைப்பான், ஆளில்லாத இடத்துக்கு அழைப்பான். வருபவனை நிதானமாகப் பார்த்து, இவனோடு போகலாமா கூடாதா என்று முடிவுசெய்ய அவளுக்குக் கிடைத்த சில நிமிடங்கள்தான் அவளுடைய ஒரே பாதுகாப்பு. முதலில் பறிபோவது அதுவே. ஆபத்தில்லாத வாடிக்கையாளர்கள் பயந்து விலகிக்கொள்ள, தண்டனைக்கு அஞ்சாதவன் எஞ்சுகிறான். வருமானம் குறைந்த நிலையில் அவனை மறுக்கவும் அவளால் முடிவதில்லை. வாங்குபவனை மட்டும் தண்டிப்பதாகச் சொல்லும் நாடுகளிலும் தொழிலுக்கு இடமளிப்பவரைத் தண்டிக்கும் பிரிவு அப்படியே இருக்கிறது. நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில், வீடு வாடகைக்குக் கொடுப்பது தொழிலை ஊக்குவித்த குற்றமாகும் என்று காவல்துறை உரிமையாளர்களை எச்சரித்து, பெண்களை வீட்டைவிட்டு வெளியேறவைத்தது. வீடற்றோர் நடவடிக்கை என்பதே அதற்கு அவர்கள் இட்ட பெயர். தாக்கப்பட்டதைப் புகார் செய்தால் முகவரி தெரிந்துவிடும், முகவரி தெரிந்தால் வீடு போய்விடும் என்ற நிலையில், தான் குற்றவாளியல்ல என்ற சட்டவாசகம் அவளுக்கு எதற்குப் பயன்படும்?

பிரான்சின் சட்டத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், அது மனித உரிமை மீறல் அல்ல என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் இத்தகைய முடிவை எடுக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம். அந்த முடிவே சிறந்தது என்று நீதிமன்றம் கூறவில்லை.

கேள்வி: தண்டனையை நீக்கினால் ஆள்கடத்தல் பெருகும் என்று ஆய்வுகள் சொல்கின்றனவே? (பெயர் தவிர்க்கக் கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 2013இல் வெளிவந்த, 150 நாடுகள் வரை ஒப்பிட்ட ஆய்வு. தொழிலை அனுமதிக்கும் நாடுகளில் ஆள்கடத்தல் பற்றிய பதிவுகள் அதிகம் என்று அது கண்டது. மறைவில் நடப்பதை எண்ணுவதில் உள்ள குறைபாட்டை ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பதிவு கூடுதலாக இருப்பது குற்றம் கூடியதாலும் இருக்கலாம், குற்றம் வெளியே தெரிந்ததாலும் இருக்கலாம். அதை ஒதுக்கித்தள்ள நான் துணியமாட்டேன். ஆனால் தண்டனை இல்லாதபோது வன்முறை குறையலாம் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், 1980இல் செய்த சட்டத்திருத்தத்தில் நேர்ந்த ஓட்டையால், நான்கு சுவருக்குள் நடக்கும் தொழில் குற்றமல்லாமல் போய், 2009 வரை அப்படியே இருந்தது. நீதிமன்றம் அதை 2003இல் உறுதிப்படுத்திய பின் வந்த ஆண்டுகளை ஆராய்ந்தவர்கள், மாநிலத்தில் பதிவான வன்புணர்வுக் குற்றங்கள் சுமார் 31 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார்கள். கடத்திவரப்பட்ட சிறுமியை முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் அதே இடத்தில் தொழில் செய்யும் பெண்களே. தங்களைக் கைது செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கை இல்லாமல் அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

கேள்வி: வறுமை தள்ளிவிட்டவளுக்கு விருப்பம் ஏது? (ஒரு வாசகர்)

பதில்: உண்மை. பலர் வேறு வழியின்றியே வருகிறார்கள்; அவர்களுக்கு வேறு வழி திறப்பது அரசின் கடமை. ஆனால் அபராதம் விதித்தால் அதைக் கட்ட அவள் மறுபடியும் அந்தத் தெருவுக்கே போக வேண்டியிருக்கிறது. குற்றப்பதிவு உள்ளவரை வேறு வேலைக்கும் எவரும் எடுப்பதில்லை. நியூசிலாந்துச் சட்டம் இதை எண்ணியே, இத்தொழிலை மறுப்பதால் ஒருவரின் அரசு உதவித்தொகை பாதிக்கப்படலாகாது என்று தனிப்பிரிவு வைத்தது.

கேள்வி: உங்கள் மகள் போனால் சம்மதிப்பீர்களா?

பதில்: சம்மதிக்கமாட்டேன். போய்விட்டால், ஒருவன் அவளை அடிக்கும்போது அவள் காவல்துறையை அழைக்க வேண்டும், அவர்களும் வர வேண்டும் என்று விரும்புவேன்.

கேள்வி: சட்டம் மாறிய இடத்தில் எல்லாம் மாறிவிட்டதா? (ஒரு வாசகி)

பதில்: இல்லை, ஆனால் மாறியது சிறிதுமல்ல. நியூசிலாந்தில் விடுதி நடத்துபவர் ஒருவர் தன்னைப் பாலியல் சீண்டலுக்கு ஆளாக்கினார் என்று அங்கே வேலை செய்த பெண் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2014இல் அவருக்கு 25,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. அலுவலக ஊழியர் ஒருவர் தொடுக்கும் வழக்கைப் போலவே அது நடந்தது. பெல்ஜியத்தில் 2024 டிசம்பர் முதல், ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்பவர்களுக்கு மகப்பேறு விடுப்பும் ஓய்வூதியமும் உண்டு. எந்த வாடிக்கையாளரையும் எந்த நேரத்திலும் மறுக்கும் உரிமையும் உண்டு.

குறையும் இருக்கிறது. நியூசிலாந்துச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, தற்காலிக விசாவில் வந்தவர்கள் இத்தொழிலில் ஈடுபடக் கூடாது என்று தடுக்கிறது. கடத்தலைத் தடுக்க எழுதப்பட்ட அந்தப் பிரிவால், அடிபட்டு நிற்கும் வெளிநாட்டுப் பெண் காவல் நிலையத்துக்குப் போனால் நாடு கடத்தப்படலாம். 2003க்கு முன்பு அந்நாட்டுப் பெண்கள் எந்த அச்சத்தில் வாய் மூடியிருந்தார்களோ, அதே அச்சத்தில் அவள் இன்றும் இருக்கிறாள்.