ஏற்காடு இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும்போது பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விட்டதாகவும், பாதி வழியில் தீய்ந்த வாடை வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். பிரேக் கோளாறா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை நண்பரே. கோளாறு நியூட்ரலில்தான்.

கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடும். 20 கொண்டை ஊசி வளைவுக்கும் பிரேக் ஒன்றே மாரடிக்க வேண்டும். சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் சரியாகப் பிடிக்காது. கிளட்சை அமுக்கியபடியே உருட்டினாலும் இதே கதைதான்.

சரி, பெட்ரோலாவது மிச்சமா? அதுவும் இல்லை. பெட்ரோலைக் கம்ப்யூட்டரே அளந்து விடும் இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள் கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் சும்மா ஓடுவதற்கே குடிக்கும்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள், செங்குத்தான இடத்தில் இரண்டாவது. வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். இன்ஜின் உறுமும். நானும் முதலில் பயந்தேன். இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் மீட்டரில் முள் சிவப்பைத் தொடாதவரை ஒன்றும் ஆகாது. மறுபடி வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். அப்புறம், மெக்கானிக்கிடம் பிரேக் பேடையும் பிரேக் ஆயிலையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.