இருமல் வரவில்லை என்று மூக்கு டியூபை எடுத்துவிடாதீர்கள்

"அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உணவு கொடுக்க மூக்கில் டியூப் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏஜென்சி அனுப்பிய அட்டெண்டர் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார், இருமலே இல்லை. டியூபை எடுத்துவிட்டு இட்லி கொடுக்கலாமா?" என்று ஒரு வாசகி கேட்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம். இருமினால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பக்கவாதத்தில் தொண்டையின் உணர்ச்சியே மரத்துப்போயிருக்கலாம். அப்போது தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் வராது, முகம் சுளிக்காது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை நம்பியும் பயனில்லை. ஆக்சிஜன் அளவு குறையாமலே தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருக்கும். பிறகு காய்ச்சல், சளி, நிமோனியா என்று வந்து நிற்கும்போதுதான் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவரும்.

விழுங்குவதைச் சோதிப்பதும் ஸ்பீச் தெரபிஸ்டான எங்கள் வேலைதான். நாங்கள் பார்க்கும் விதம் வேறு. நன்றாக விழித்திருக்கும் நேரத்தில் நேராக உட்கார வைத்து, வாயைச் சுத்தம் செய்து, முதலில் 'ஆ' சொல்லச் சொல்வோம். ஒரு டீஸ்பூன் தண்ணீர் கொடுத்து, கழுத்தில் விரல் வைத்துக் குரல்வளை மேலே எழும்புகிறதா என்று தொட்டுப் பார்ப்போம். மறுபடி 'ஆ'. குரல் கொழகொழவென்று மாறினால் அங்கேயே நிறுத்திவிடுவோம். எல்லாம் சரி என்றால் 90 மி.லி. தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்வோம். சந்தேகம் இருந்தால் மூக்கு வழியாகச் சின்ன கேமரா, அல்லது பேரியம் கலந்த உணவு கொடுத்து எக்ஸ்ரே வீடியோ. டியூப் இருக்கும்போதே சோதிக்கலாம். எடுத்தால்தான் பார்க்க முடியும் என்பவரை நம்பாதீர்கள்.

எனக்குக் கோபம் வருவது டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்க்கும்போது. 'டியூப் வழி உணவு' என்று ஒரு வரி இருக்கும். யார், எப்போது மறுபடி சோதிப்பது என்று ஒரு வார்த்தை இருக்காது. அந்த இடைவெளியில்தான் ஏஜென்சிகள் நுழைகின்றன. சோதனையே செய்யாமல் தொண்டைக்குக் கரண்ட் வைக்கும் மெஷினுக்குப் பேக்கேஜ், தண்ணீரைக் கெட்டியாக்கும் பவுடர் டப்பா என்று பில் போடுவார்கள். தெரபிஸ்ட் என்று வருகிறவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். தயங்கினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சோதனையில் தேறிவிட்டால், அப்புறம் இட்லி. வெறும் இட்லி உதிர்ந்து கன்னத்தில் ஒதுங்கிக்கொள்ளும்; தயிர் விட்டு கட்டியில்லாமல் மசித்துக் கொடுங்கள். ஒவ்வொரு வாய்க்குப் பிறகும் கன்னத்தைப் பாருங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும். ரசம் சாதத்தை, மற்ற உணவெல்லாம் பழகிய பிறகு கடைசியாகத் தொடங்குங்கள். சோறு வாயிலேயே நிற்கும்போது ரசம் முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓடிவிடும்.