எம்.டி., எம்.எஸ். சேர்க்கை விவரங்களைக் கேட்டுப் பெறுவது எப்படி? செட்டிநாட்டு அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (காரைக்குடி): என் மகள் நீட் முதுநிலைத் தேர்வு எழுதியிருக்கிறாள். சென்ற ஆண்டு எந்தத் தரவரிசை வரை பொது மருத்துவம் கிடைத்தது என்று கேட்டால் ஆளுக்கோர் எண் சொல்கிறார்கள். சரியான எண்ணை எங்கே பார்ப்பது, ஐயா?

பதில்: அவர்கள் எல்லோருமே உண்மையைச் சொல்லியிருக்கக்கூடும், அம்மா. அரசுக் கல்லூரி முதுநிலை இடங்களில் 50 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்கிறது. அதற்குத் தில்லியிலுள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. மீதி இடங்களைச் சென்னைக் கீழ்ப்பாக்கத்திலுள்ள மாநிலத் தேர்வுக் குழு நிரப்புகிறது. இங்கே 69 விழுக்காடு இடஒதுக்கீடும், அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கான 50 விழுக்காடு ஒதுக்கீடும் சேர்ந்து செயல்படுகின்றன. ஆகவே எந்த ஒதுக்கீடு, எந்தச் சமூகப் பிரிவு, கலந்தாய்வின் எந்தச் சுற்று என்ற மூன்றையும் சொல்லாத கட்-ஆஃப் எண்ணால் பயனில்லை. ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் இரண்டு அமைப்புகளும் ஒதுக்கீட்டுப் பட்டியலை வெளியிடுகின்றன. அவற்றை அன்றைக்கே இறக்கிச் சேமித்து வையுங்கள். அடுத்த ஆண்டு வரை அவை இணையதளத்தில் இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

கேள்வி (தேவகோட்டை): ஒரு தனியார் கல்லூரியில் கடைசிச் சுற்றில் காலியாகக் காட்டப்பட்ட தோல் மருத்துவ இடம் பிறகு எப்படி நிரம்பியது என்று எழுதிக் கேட்டேன். தகவல் பெறும் உரிமைச் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று பதில் வந்தது. இத்துடன் முடிந்துவிட்டதா?

பதில்: முடியவில்லை. எனக்கு வரும் கேள்விகளில் இதையே மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். அரசு நிதி பெறாத தனியார் கல்லூரி நேரடியாக அச்சட்டத்தின் கீழ் வராமல் போகலாம். ஆனால் சட்டத்தின் 2(எஃப்) பிரிவு, ஒரு பொது அதிகார அமைப்பு வேறு சட்டத்தின் வழியாகத் தனியார் அமைப்பிடமிருந்து பெறக்கூடிய விவரத்தையும் ‘தகவல்’ என்றே வரையறுக்கிறது. அந்தக் கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததாக இருந்தால், சேர்ந்த மாணவர்களின் பதிவு விவரம் கிண்டியிலுள்ள பல்கலைக்கழகத்திடம் இருந்தாக வேண்டும். ஒதுக்கீட்டு ஆணை தேர்வுக் குழுவிடம் இருக்கும். கல்லூரியை விட்டுவிட்டு இவ்விரு இடங்களிலும் தனித்தனியே விண்ணப்பித்து, கிடைக்கும் இரண்டு விவரங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒதுக்கீட்டுப் பட்டியலில் இல்லாத ஒருவர் பதிவேட்டில் இருந்தால் அங்கேதான் விசாரணை தொடங்க வேண்டும். ஏனெனில் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலைக் கல்வி ஒழுங்குமுறைகளின்படி, எந்தக் கல்லூரியும் கலந்தாய்வுக்கு வெளியே தானாக ஒருவரைச் சேர்த்துக்கொள்ள முடியாது. கலந்தாய்வுக்கான இடப்பட்டியலில் ஒவ்வொரு படிப்புக்குமான கட்டணத்தையும் குறிப்பிட வேண்டும் என்று அதே விதிகள் சொல்வதால், கட்டண விவரத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): பதிவேட்டைக் கேட்டால் ‘தனிநபர் தகவல்’ என்று மறுக்கிறார்களே?

பதில்: முன்பு தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவிலேயே பொதுநலன் கருதி வெளியிட இடமிருந்தது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு அந்த வாசகத்தை நீக்கி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டது. இதை ஒரு பெரிய பின்னடைவாகவே நான் பார்க்கிறேன். ஆயினும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில், பொதுநலன் மேலோங்கினால் வெளியிடலாம் என்னும் 8(2) பிரிவும், மறைக்க வேண்டியதை மறைத்து மற்றதைத் தர வேண்டும் என்னும் 10-ஆவது பிரிவும் அப்படியே இருக்கின்றன. ஒரு மாணவியின் பெயரும் முகவரியும் நமக்கு எதற்கு? தரவரிசை எண், பிரிவு, சுற்று, படிப்பு, கல்லூரி ஆகிய ஐந்தும் போதும். பெயர் வேண்டாம் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டால், மறுப்பதற்கான காரணம் பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும்.

கேள்வி (புதுவயல்): ஐந்தாண்டுச் சேர்க்கையைப் பிரிவுவாரியாகக் கேட்டேன். ‘தொகுக்கப்பட்ட விவரம் இல்லை’ என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள்.

பதில்: கைவசம் இல்லாத அட்டவணையைப் புதிதாகத் தயாரித்துத் தர அலுவலகம் கடமைப்பட்டதன்று என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சி.பி.எஸ்.இ. வழக்கில் கூறியிருக்கிறது. எனவே தொகுப்பைக் கேட்காமல் ஆவணத்தைக் கேளுங்கள். ‘இன்ன ஆண்டு மாநில ஒதுக்கீட்டு முதுநிலைக் கலந்தாய்வின் ஒவ்வொரு சுற்று முடிவிலும் இருந்த ஒதுக்கீட்டுப் பட்டியல், சேர்ந்தோர் பட்டியல், காலியிடப் பட்டியல் ஆகியவற்றின் நகல்களை, பெயர்களை நீக்கித் தருக’ என்று எழுதலாம். தொகுக்கும் வேலையை நாம் செய்துகொள்ளலாம்.

கேள்வி (கோனாபட்டு): பினாங்கில் குடியுரிமை பெற்றுவிட்ட என் பெரியப்பா விண்ணப்பிக்கலாமா? கட்டணம் எவ்வளவு?

பதில்: தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே உரிமை தருகிறது, உங்கள் பெயரிலேயே அனுப்புங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். மாநில அலுவலகத்துக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். தில்லிக்கு அது செல்லாது. அஞ்சல் ஆணையோ இணையவழிக் கட்டணமோ வேண்டும்.

கேள்வி (கானாடுகாத்தான்): சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை ஆய்வுக்காகப் பார்க்க விரும்புகிறேன். யாரிடம் கேட்பது?

பதில்: உங்கள் ஊர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த அக்கல்லூரி, 2021-இல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. எனவே ஆவணம் பல்கலைக்கழகத்திலும் இருக்கலாம், கல்லூரியிலும் இருக்கலாம். ஏதேனும் ஒன்றுக்கு அனுப்புங்கள். தம்மிடம் இல்லையென்றால் ஐந்து நாட்களுக்குள் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பது 6(3) பிரிவு. நிகழ்ந்து 20 ஆண்டுகளைக் கடந்த விவரங்களுக்கு, 8(3) பிரிவின்படி, தனிநபர் தகவல் என்ற விலக்கும் பொருந்தாது.

கேள்வி (தேவகோட்டை): தகவல் மனுவுக்குப் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டாமே. அதற்குள் கலந்தாய்வே முடிந்துவிடுமே?

பதில்: உண்மைதான், இது சட்டத்தின் பெரிய குறை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பின்னர் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம் என்று போவதற்குள் வகுப்புகள் தொடங்கிவிடும். அதனால்தான், கேட்காமலே வெளியிட வேண்டியவற்றைச் சொல்லும் 4-ஆவது பிரிவை வலியுறுத்த வேண்டும் என்கிறேன். ஒதுக்கீட்டுப் பட்டியல் மட்டும் போதாது. யார் சேர்ந்தார், யார் விலகினார், விலகிய இடம் எந்தச் சுற்றில் யாருக்குப் போனது என்பதைத் தரவரிசை எண்ணோடு, அடுத்த சுற்று தொடங்குமுன் வெளியிட வேண்டும். இடங்களைப் பிடித்து வைத்துப் பின்னர் விட்டுவிடும் வழக்கத்தைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2025-இல் விரிவான உத்தரவுகள் பிறப்பித்திருக்கிறது. கட்டணத்தை முன்கூட்டியே வெளியிடுவதும் அவற்றுள் ஒன்று. உங்கள் பிள்ளையின் இடம் இப்போதே பறிபோகும் நிலையில் இருந்தால், தகவல் மனுவின் பதிலுக்காகக் காத்திராமல், சேமித்து வைத்த பட்டியல்களோடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகுங்கள். சிவகங்கை மாவட்டம் அதன் எல்லைக்குள்தான் வருகிறது.